வேப்பெண்ணெயும் கைக்குழந்தைகளும்

ஆவடியினின்று பூவிருந்தவல்லிக்குச் செல்லும் பெருவழியில் பருத்திப்பட்டு ஏரியைக் கடந்து போவோர்க்கும், அம்பத்தூர்த் தெருக்களில் காலை வேளையில் நடப்போர்க்கும் வேம்பின் நிழல் புதிதன்று. ஆனித் திங்களில் பழங்கள் மஞ்சள் நிறமாகக் கனிந்து உதிர்வதும், காக்கைகள் சதையைத் தின்று கொட்டையை உமிழ்வதும், முதியோர் முறங்கொண்டு அவற்றை வாரிச் சேர்ப்பதும் நம் மாணவருட் பலர் இளமையிற் கண்ட காட்சிகளே. திருவேற்காடு என்னும் பெயர் வேல மரத்தைக் குறித்து எழுந்தது என்பர். ஆயினும் இன்று அவ்வூர்க் கருமாரியம்மன் கோயிலுக்குச் சென்று மீள்வோர் நெஞ்சில் நிற்பது வேம்பே. இத்துணை நெருங்கிய மரமொன்றைப் பற்றி எச்சரிக்கை கூறப் புகுவது எமக்கு இனிய செயலன்று. எனினும் கூறாதிருத்தல் பிழையாகும் என்று கருதி எழுதுகின்றோம். வேப்பங்கொட்டையினின்று பிழிந்த எண்ணெயைக் கைக்குழந்தைகட்கு வாய்வழியே புகட்டுதல் ஆகாது, சிறிதளவும் ஆகாது.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சென்ற கல்வியாண்டில் எம் வகுப்பு மாணவர் ஒருவர் நான்கு நாள் தொடர்ந்து வாராதிருந்து, ஐந்தாம் நாள் வாடிய முகத்துடன் வந்தார். திருமுல்லைவாயிலை அடுத்த ஊரினர். அவர் தமக்கையின் குழந்தைக்கு அப்பொழுது வயது ஐந்து திங்கள். சளியும் வயிற்று உப்புசமுமாகக் குழந்தை இரவெல்லாம் அழுதிருக்கின்றது. தமக்கையின் மாமியார், பூசை மாடத்தருகே இருந்த புட்டியை எடுத்து, அதிலிருந்த வேப்பெண்ணெயைப் பாலாடையில் பாதியளவு ஊற்றிப் புகட்டியிருக்கின்றார். சிறிது நேரத்தில் குழந்தை வாந்தி எடுத்தது, பின்னர்ச் சோர்ந்து துவண்டது, மூச்சு விரைந்தது, விடிவதற்குள் கைகால்கள் வெட்டி இழுக்கத் தொடங்கின. மருத்துவமனையில் சேர்த்து மூன்று நாள் கழிந்த பின்னரே, பிழைக்கும் என்று மருத்துவர் வாய்திறந்து கூறினர். குழந்தை பிழைத்தது. ஆனால் அம்மூன்று நாளும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்து, “என் மூன்று பிள்ளைகளுக்கும் கொடுத்ததுதானே, தம்பி!” என்று அம்மூதாட்டியார் தம்மிடம் சொல்லிச் சொல்லி அழுததை எம் மாணவர் உரைத்தபொழுது, எமக்கு மறுமொழி எழவில்லை.

அவ்வம்மையாரைக் குறை கூற யாம் ஒருப்படோம். அவர் செய்தது அன்பினாற் செய்தது. தம் தாயும் மாமியும் செய்யக் கண்டு செய்தது. கசப்பானதெல்லாம் மருந்து என்னும் எண்ணம் நம்மவரிடைப் பன்னெடுங்காலமாக ஊறியுள்ளது. ஆனால் அவர் கொடுத்த புட்டியின் மேல், கண்ணாடியிட்டுப் பார்த்தாலும் எளிதிற் புலனாகாத சிற்றெழுத்தில், மேற்பூச்சுக்கும் விளக்குக்கும் மட்டுமே உரியது என்று அச்சிட்டிருந்ததாம். வீட்டிற் படித்தவர் நால்வர் இருந்தனர். ஒருவரும் அதனைப் படித்திலர். இக்குறை யாருடையது? படித்தவர்களுடையதே என்பது எம் கருத்து.

இஃது எங்கோ ஒரு வீட்டில் நேர்ந்த புதுமை என்று எண்ணிவிடலாகாது. 1981ஆம் ஆண்டிலேயே மலேசிய மருத்துவர்களாகிய சின்னையா என்பாரும் பாஸ்கரன் என்பாரும், இலண்டனில் வெளிவரும் ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் இதனை எழுதினர். அங்கே வாழும் இந்திய வழியினர் குடும்பங்களில் சளி, வயிற்றுக் கோளாறு முதலிய சிறு நோய்கட்கு வேப்பெண்ணெய் புகட்டப்பெற்ற சிசுக்கள் பத்துக்கு மேற்பட்டோர், சில மணி நேரத்திற்குள் வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கொண்டு மருத்துவமனைக்கு வந்தனர். அவர்தம் குருதியிற் புளிப்புத்தன்மை மிகுந்திருந்தது, மூளை பாதிப்புற்றிருந்தது. கடல் கடந்து தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர் மொழியையும் வழிபாட்டையும் கொண்டு சென்றதுபோல் இவ்வழக்கத்தையும் உடன்கொண்டு சென்றனர் போலும். அடுத்த ஆண்டே, 1982இல், சென்னைக் குழந்தை மருத்துவர்களும் வேப்பெண்ணெய் நஞ்சாதலைப் பற்றித் தம் அனுபவத்தை இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் வெளியிட்டனர். அஃதாவது, எழும்பூருக்கு எட்டிய செய்தி அம்பத்தூரை எட்டாமலே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்துள்ளன!

மலேசிய மருத்துவர்கள் இந்நோயை ரை என்பார் கண்ட நோயோடு ஒப்பிட்டனர். ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவராகிய ரை 1963இல் விளக்கிய அந்நோயில், குழந்தையின் கல்லீரலில் நுண்ணிய கொழுப்புத் துளிகள் செறியும், மூளை வீங்கும். பின்னர், காய்ச்சலுற்ற குழந்தைகட்கு ஆஸ்பிரின் கொடுப்பதோடு அதற்குத் தொடர்பு உண்டென்று தெரியவந்தது. 1980களில் மேலைநாடுகள் ஆஸ்பிரின் பெட்டிகளின் மேல் எச்சரிக்கை பொறிக்கச் செய்தன. அதன்பின் அந்நோய் அரிதாயிற்று. ஆஸ்பிரின் ஆலையிற் செய்த மருந்து. வேப்பெண்ணெய் கொல்லையில் விளைந்த பொருள். குழந்தையின் கல்லீரல் இவ்வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. உயிரணுக்களுள் உணவை ஆற்றலாக மாற்றும் உலைக்கூடங்களாகிய மைட்டோகாண்டிரியாக்கள் வேப்பெண்ணெயாற் சிதைவுறுகின்றன என்பதை, அதே மலேசிய அறிஞர் குழுவினர் 1980களில் விலங்குகட்கு அவ்வெண்ணெயைக் கொடுத்து ஆராய்ந்து காட்டினர். உலை அணையின் குருதியிற் புளிப்பு மிகும், சர்க்கரை குறையும், மூளை இவ்விரண்டையும் தாங்காது.

அளவைப் பற்றி ஒரு கணக்குக் கூறுவோம். எம் அறிவியல் மாணவர்கள் பொறுத்தருள்க. ஐந்து திங்கட் குழந்தையின் எடை ஏறக்குறைய 6 கிலோ எனக் கொள்வோம். அதற்கு 6 மில்லி லிட்டர், அஃதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மிகுதியாகப் புகட்டுதல், 60 கிலோ எடையுள்ள ஒருவர் 60 மில்லி லிட்டர் வேப்பெண்ணெயை ஒரே மூச்சிற் பருகுதலை ஒக்கும். நம்முள் எவரேனும் அதற்கு உடன்படுவரோ? குழந்தைக்குக் கொடுக்கும்பொழுது மட்டும் ‘ஒரு பாலாடைதானே’ என்கின்றோம்.

இங்கே வேறொரு நுட்பமும் உண்டு. எலிகட்கு வேப்பெண்ணெயைக் கொடுத்து 1988இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பாதி எலிகள் மாள்வதற்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 14 மில்லி லிட்டர் வேண்டியிருந்தது. முயல்கட்கு 24 வேண்டியிருந்தது. இவ்வெண்களை மட்டும் கண்டவர், இது பெரிதும் தீங்கற்ற பொருள் என்றே முடிவு செய்வர். ஆனால் மானிடச் சிசுவோ தேக்கரண்டி அளவிலேயே மயங்கி விழுகின்றது. எலிக்கு ஒத்தது சிசுவுக்கு ஒவ்வாது. முதியோர்க்கு ஒத்ததும் ஒவ்வாது. ‘விலங்குகளிற் சோதித்துப் பாதுகாப்பானதெனக் கண்டது’ என்று விளம்பரங்கள் முழங்கும்போதெல்லாம் இதனை நினைவு கொள்க.

அம்மூதாட்டியார் கேட்ட கேள்விக்கு வருவோம். அவர்தம் மூன்று பிள்ளைகளும் நன்றாகத்தானே வளர்ந்தனர்? ஆம். வளராதொழிந்த குழந்தைகளின் கணக்கை எவரும் வைத்திலர் என்பது அதற்கொரு விடை. அக்காலத்தில் வலிப்புக் கண்டு மடிந்த சிசுவுக்கு ‘தோஷம்’ என்று பெயர் வைத்தனரேயன்றிப் பாலாடையை எவரும் ஐயுறவில்லை. மற்றொரு விடையும் உண்டு. முன்னாளில் ஊர்ச் செக்கிற் பிழிந்த எண்ணெயை விரலிற் தோய்த்து நாவில் தடவினர். இன்றோ புட்டியைக் கவிழ்த்து ஊற்றுகின்றோம். எண்ணெயும் ஒரு தன்மைத்தன்று. மழையில் நனைந்து தரையிற் கிடந்த கொட்டைகளில் பூஞ்சை படரும். சிலவகைப் பூஞ்சைகள் அஃப்ளடாக்சின் என்னும் கொடிய நஞ்சைச் சுரக்கும். அது கல்லீரலையே முதலில் தாக்கும். ஆனி ஆடியிற் பெய்யும் மாலை மழையை அறிந்தவர்கட்கு, பொறுக்கிய கொட்டைகள் எல்லாம் உலர்ந்தவையாக இருத்தல் அரிதென்பதை யாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அன்றியும், விளக்கேற்றுதற்கென்றே விற்கும் ஐந்தெண்ணெய்க் கூட்டுகளிலும், செடிகளின் மேல் தெளித்தற்கெனச் சோப்புப் பொருள் கலந்து விற்கும் புட்டிகளிலும் வேம்பின் படமே காணப்படுகின்றது. மூன்றும் ஒரே அலமாரியில் நிற்கின்றன. மரச்செக்கு என்று பெயர்ப்பலகை தொங்கவிட்ட கடைகள் இப்பொழுது நம் பக்கத்தில் பல தோன்றியுள்ளன. அவற்றை யாம் வரவேற்கின்றோம். ஆனால் செக்கு மரத்தாலானதா இரும்பாலானதா என்பது எண்ணெயின் நஞ்சைத் தீர்மானிக்கும் செய்தியன்று.

இவ்வளவு கூறியதனால் வேம்பின் புகழை யாம் குறைக்க முயல்வதாக எவரும் கருதற்க. 1942இல் சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் வேதியியல் அறிஞர் வேப்பெண்ணெயினின்று நிம்பின் முதலிய கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். அதுவே புதிய ஆராய்ச்சிக்கு வித்து. பயிர்ப்பூச்சிகளை உண்ணவொட்டாது தடுக்கும் அசாடிராக்டின் 1968இல் பிரித்தறியப்பட்டது. தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு 2 பங்கு வேப்பெண்ணெய் கலந்து உடலிற் பூசினால், மலேரியா பரப்பும் கொசுக்கள் இரவு முழுதும் அணுகுவதில்லை என்பதை 1993இல் இந்திய மலேரியா ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். கொசுவின் கொடுமையை அம்பத்தூர் ஏரிக்கரையில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டுமோ? 2015 முதல் நம் நாட்டில் ஆக்கப்படும் யூரியா உரம் முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டுமென்று அரசினர் விதித்துள்ளனர்.

உரிமைப் பட்டயப் போரையும் பலர் அறிவர். அமெரிக்க வேளாண்மைத் துறையும் ஒரு வணிக நிறுவனமும் சேர்ந்து பெற்றிருந்த ஐரோப்பியப் பட்டயம், இந்தியர் முதலானோர் வழக்காடியதன் பயனாக 2000ஆம் ஆண்டு மே திங்களில் நீக்கப்பெற்றது. 2005இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. அன்று நாம் பெருமிதங் கொண்டதில் தவறில்லை. ஆனால் அப்பட்டயம் எதற்கு உரியது என்று கேட்டவர் எத்துணையர்? செடிகளின் மேற் படரும் பூஞ்சையை வேப்பெண்ணெயால் அடக்கும் முறைக்கு உரியது அது. நம் முன்னோர் அறிந்திருந்ததாக நாம் மெய்ப்பித்தது வயலைப் பற்றிய அறிவேயன்றி வயிற்றைப் பற்றியதன்று. கொசுவுக்கும் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பகையாகிய ஒன்று குழந்தைக்கு மட்டும் நட்பாயிருக்கும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்?

முதியோரைப் பற்றியும் சில சொற்கள். வேப்பெண்ணெயைப் பருகிப் பார்வை மங்கிய பெண்மணி ஒருவரின் வரலாறு 2014இல் இந்தியக் கண் மருத்துவ இதழில் வெளிவந்தது. கருத்தடை செய்யும் தன்மை இவ்வெண்ணெய்க்கு உண்டென்பதை விலங்குகளில் நிகழ்த்திய ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆதலின் கருவுற்ற மகளிரும் கருவுற விழையும் மகளிரும் இதனை உட்கொள்ளலாகாது. இளைஞர் சிலர் முகப்பரு நீங்கும் என்று தேக்கரண்டியில் அருந்துவதாகக் கேள்வியுறுகின்றோம். பருவுக்குப் பூசுவதே எரிச்சல் தரும். பருகுவதற்கு யாதொரு காரணமும் இல்லை.

இவ்விடத்தில், மருந்துக் கடைகளிலும் வாணிகத் தளங்களிலும் பளபளக்கும் விதையெண்ணெய்க் குளிகைகளைப் பற்றியும் கூறுதல் பொருத்தமாகும். கருஞ்சீரக எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் முதலியன இன்று மாணவர் விடுதிவரை வந்துவிட்டன. இவை வேப்பெண்ணெயைப் போன்ற நஞ்சல்ல. கருஞ்சீரகம் குருதியழுத்தத்தையும் சர்க்கரையையும் ஓரளவு குறைப்பதாகச் சிறு ஆராய்ச்சிகள் சில உள. ஆனால் குறைக்கும் ஆற்றல் உண்டெனின், முன்னரே நீரிழிவுக்கு மாத்திரை அருந்தும் தந்தையார்க்கு மகன் அன்புடன் வாங்கித் தரும் குளிகை சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தவும் கூடுமன்றோ? மருத்துவரிடம் கூறாது கொடுத்தல் தகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் வகுத்த விதிகளின்படி, இத்தகைய ஊட்டப் பொருள்களின் புட்டிமேல் ‘மருத்துவப் பயனுக்கன்று’ என்று பொறித்தல் வேண்டும். அங்ஙனம் பொறித்த புட்டியையே நம்மவர் மருந்தென்று வாங்குகின்றனர். நீரிழிவு, புற்றுநோய் முதலிய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கின்றது. அச்சட்டத்தின் பெயரில் ‘மாய மருந்துகள்’ என்னும் சொல் இருப்பது எமக்கு ஒரு புன்னகையைத் தருகின்றது; இயற்றியோர் உலகம் அறிந்தவர்.

சித்த மருத்துவத்தை இழித்துரைப்பதும் எம் நோக்கமன்று. அம்மருத்துவம் பயின்றோர் பொருளைத் தூய்மை செய்யும் முறை, அளவு, துணைமருந்து, பத்தியம் ஆகியவற்றை வரையறுத்தே கொடுப்பர். வேப்பெண்ணெயைப் புட்டியினின்று நேரே பாலாடைக்கு ஊற்றுவது எம்மருத்துவமும் அன்று. ஐயமுடையோர் அரும்பாக்கத்திலுள்ள சித்த மருத்துவ மைய ஆராய்ச்சி நிலையத்தையோ, தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தையோ அணுகிக் கேட்கலாம். இரண்டும் நமக்குத் தொலைவில் இல்லை.

தவறி நேர்ந்துவிட்டால் செய்யத் தக்கது யாது? இதனைச் சற்று விரித்தே கூறுவோம். குழந்தையின் வாயில் விரலிட்டு வாந்தி எடுப்பித்தல் கூடாது. எண்ணெய் மேலெழும்போது மூச்சுக்குழலில் இறங்கும். நுரையீரலிற் படிந்த எண்ணெய் எளிதில் நீங்காது, அழற்சியை விளைக்கும். சளிக்கென்று குழந்தையின் மூக்கில் எந்த எண்ணெயை விடுவதும், நீராட்டும்பொழுது அழுகின்ற குழந்தையின் வாயில் எண்ணெய் விடுவதும் இக்காரணத்தினாலேயே தீயன. இதில் விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் விலக்கல்ல. மோரும் உப்புநீரும் புகட்டி முறிக்க முயல்வதும் காலத்தை வீணாக்குவதே. இந்நஞ்சுக்கு மாற்றுமருந்து என ஒன்றில்லை. வலிப்பை அடக்கி, குருதியின் புளிப்பைத் திருத்தி, சர்க்கரையைக் காத்து, மூச்சுக்குத் துணைசெய்து மருத்துவர் உயிரைத் தாங்குவர். ஆதலின் விரைவே மருந்து. குழந்தை அப்பொழுது விளையாடிக்கொண்டிருப்பினும், எண்ணெய் உட்சென்றது உறுதியெனில் காத்திராமற் செல்லுதல் வேண்டும். 108 என்னும் எண்ணை அழைத்தால் ஊர்தி வரும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்று ஊர்களிலும் அரசினர் மருத்துவமனைகள் உள. அங்கிருந்து தேவையெனில் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்புவர். புகட்டிய புட்டியைக் கையோடு கொண்டு செல்க. புகட்டியவர் யாராயினும், எவ்வளவு புகட்டினார் என்பதை மறையாது கூறுதல் வேண்டும். மாமியார்க்கு அஞ்சியும் மருமகளுக்கு நாணியும் இதனை மறைத்த வீடுகளில், மருத்துவர் மூளைக்காய்ச்சல் என்று ஐயுற்றுப் பொழுது கழிய நேர்தல் கூடும். வீட்டாரும் அந்நேரத்தில் கடிந்துரையாதிருப்பின், உண்மை எளிதில் வெளிவரும்.

எம் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் சிற்றூர்களுக்குச் சென்று தெருக்களைத் தூய்மை செய்கின்றீர்கள், மரங்களும் நடுகின்றீர்கள், அவற்றுள் வேம்பே மிகுதி. நட்டுவிட்டுத் திரும்பும்பொழுது, கைக்குழந்தை உள்ள வீடுகளில் ஒரு நாழிகை அமர்ந்து இச்செய்தியைக் கூறி வாருங்கள். கற்றவர் என்னும் மிடுக்கோடு சென்றால் பாட்டிமார் செவிகொடார். பேரனைப்போல் சென்றால் கொடுப்பர். பழைய மாணவர்களுள் மருந்துக் கடை நடத்துவோரும் பலசரக்குக் கடை நடத்துவோரும் உளர். வேப்பெண்ணெய்ப் புட்டியை விற்கும்பொழுது ‘குடிக்கலாகாது’ என்னும் ஒரு சீட்டைப் பேரெழுத்தில் ஒட்டிக் கொடுப்பார்களாயின் அது பெருஞ்செலவாகாது. பொருளாக்குவோரும் அவ்வெழுத்தைப் பெரிதாக்கலாம். நறுமணத்தையும் வேம்பின் படத்தையும் பெரிதாக அச்சிட இடம் இருக்கின்றதன்றோ?

எம் மாணவர் தம் வீட்டுப் புட்டியின் மேல் அங்ஙனமே எழுதி ஒட்டி, பூசை மாடத்தினின்று எடுத்துப் பரணுக்கு அண்மையில் உயர வைத்துவிட்டாராம். அவர் தமக்கையின் மாமியார் யாவற்றையும் பொறுமையுடன் கேட்டபின், “அப்படியானால் வருஷப் பிறப்புக்கு வேப்பம்பூப் பச்சடியும் வைக்கக் கூடாதோ?” என்று வினவினாராம். தாராளமாக வைக்கலாம். பூ வேறு; கொட்டையின் எண்ணெய் வேறு. குழந்தைக்கு மட்டும் இப்பொழுது வேண்டா, பல் முளைக்கட்டும்.